பரிவட்டமும் பந்தியும்

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் ஊர்த்திருவிழா என்றால், தேர் வடம் பிடிக்கும் முன்பே ஒரு பேச்சு முடிந்திருக்க வேண்டும்: முதல் பரிவட்டம் யாருக்கு? தலையில் சுற்றும் ஒரு துண்டுத் துணிக்காகப் பங்காளிகள் கோர்ட்டு வரை போவதுண்டு. ஊர் வழக்கத்தில் மரியாதை என்பது வரிசை. ஒருவர் முன்னே நிற்க, இன்னொருவர் பின்னே நின்றே ஆக வேண்டும்.

கேட்காமலே வந்த மரியாதையும் இதே மண்ணில் உண்டு. திருவெண்ணெய்நல்லூர்ச் சடையப்ப வள்ளலைக் கம்பர் தம் இராமாயணத்தில் நூறு பாட்டுக்கு ஒருமுறை பாடினார், அவையோர் ஆட்சேபிக்கவே ஆயிரத்துக்கு ஒன்றாகக் குறைத்தார் என்பது செவிவழிக் கதை. கதை எப்படியோ போகட்டும். முடிசூட்டும் படலத்தில் சடையனின் முன்னோர் மகுடத்தை எடுத்துக் கொடுக்க, வசிட்டர் வாங்கி இராமனுக்குச் சூட்டுவது நூலிலேயே இருக்கிறது. சோறு போட்டவர் குலத்தைப் புலவர் அயோத்தி அரண்மனை வரை அழைத்துப்போய் நிறுத்திவிட்டார்.

அந்தத் திருவெண்ணெய்நல்லூருக்கு அருகே, ஒட்டனந்தலில், 2021 மே மாதம் நடந்தது வேறு. பொதுமுடக்க காலத்தில் திருவிழாக் கச்சேரி வைத்தார்கள் என்று பட்டியல் சாதி முதியவர்களை ஊர்ப் பஞ்சாயத்தில் காலில் விழ வைத்தார்கள். விழுந்தவர்கள் தாத்தா வயதுக்காரர்கள். வயதுக்குத் தரும் மரியாதை நம் பண்பாடு என்று மேடையில் பேசுகிறோமே, அது அன்று எங்கே போயிற்று?

உழைத்துச் சம்பாதிக்க வேண்டிய மரியாதை ஒன்று. மனிதராகப் பிறந்ததாலேயே சேர வேண்டியது மற்றொன்று. முன்னதைச் சம்பாதிக்காதவர்கள்தாம் பின்னதைப் பிறரிடமிருந்து பறித்துத் தங்கள் கணக்கில் வரவு வைக்கிறார்கள்.

இந்த வேறுபாடு தெரிந்த ஒருவர் திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் 1895-இல் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் 1947 மார்ச்சில் சென்னை மாகாணப் பிரதமரானார் (முதலமைச்சருக்கு அன்று அதுதான் பெயர்). இருந்தது இரண்டு ஆண்டு. அதற்குள் ஆலயப் பிரவேசச் சட்டம், தேவதாசி முறை ஒழிப்பு, ஜமீன் ஒழிப்பு. முன்பு வந்த 1939-ஆம் ஆண்டு ஆலயப் பிரவேசச் சட்டம், கோயிலைத் திறந்துவிட மனமிருந்த அறங்காவலர்களுக்குத் துணை நின்றது. 1947-ஆம் ஆண்டுச் சட்டம் யார் மனதையும் கேட்கவில்லை. உள்ளே போவதை உரிமையாக்கியது. சென்னையில் ஓமந்தூரார் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

சிபாரிசுக்கு வளையாதவரைச் சொந்தக் கட்சிக்காரர்களே நெடுநாள் பொறுக்கவில்லை. 1949 ஏப்ரலில் பதவி போயிற்று. அவர் போய்ச் சேர்ந்த இடம் வடலூர். 1867-இல் வள்ளலார் தொடங்கிய தருமசாலையில் பசியோடு வந்தவர்களைச் சாதி கேட்காமல் ஒரே பந்தியில் உட்கார வைத்து இலை போடுவார்கள். பந்திக்கும் வரிசை உண்டு; ஆனால் முதல் இலைக்கும் கடைசி இலைக்கும் அதே சாம்பார்தான். அந்த ஊரில் அவர் ஆதரவற்ற பிள்ளைகளுக்கு இல்லமும் பள்ளியும் நடத்தினார். மாகாணத்தை ஆண்டவருக்கு இது இறக்கம் என்று சிலர் நினைத்திருக்கலாம். அவர் பெயர் ஊரில் நிலைத்ததற்குப் பதவியைவிட இதுதான் காரணம் என்பேன். 1970-இல் காலமானார்.

ஆனால் அவர் சட்டமாக்கிய உரிமை எல்லா ஊர் வாசலையும் தாண்டிவிடவில்லை. விழுப்புரம் அருகே மேல்பாதியில், திரௌபதி அம்மன் கோயிலுக்குள் பட்டியல் சாதியினர் நுழைந்ததால் எழுந்த தகராறு முற்றி, 2023 ஜூனில் கோயிலுக்கு அதிகாரிகள் சீல் வைத்தார்கள். ஓமந்தூராரின் பிறந்த நாளான பிப்ரவரி 1 வந்தால் ஓமந்தூர் மணிமண்டபத்தில் மாலை போடும் அரசு நிர்வாகம்தான் இந்தப் பூட்டையும் போட்டது. அமைதி காக்க வேறு வழியில்லை என்றார்கள். இருக்கலாம். ஆனால் பூட்டியதில் உரிமை உள்ளவரும் மறுத்தவரும் ஒரே தராசில் நிறுத்தப்பட்டார்கள். நீதிமன்ற உத்தரவால் 2024 மார்ச்சில் பூசைக்கு மட்டும் கதவு திறந்தது. பட்டியல் சாதி மக்கள் உள்ளே போய்க் கும்பிட்டது 2025 ஏப்ரலில், போலீஸ் காவலோடு. 1947-ஆம் ஆண்டுச் சட்டம் வந்து அதற்குள் 78 ஆண்டு ஓடியிருந்தது.