திண்ணைப் பள்ளியில் மூன்றாவதாக வந்த பையன்

சென்னையிலிருந்து அரக்கோணம் போகும் ரயில் பாதையில் திருவாலங்காட்டுக்கு முந்தைய நிறுத்தம் மணவூர். விடிகாலையில் அங்கும் சரி, வேறு எந்த ஊரிலும் சரி, கேட்பது ஒரே பாட்டுதான். "எழுந்திருடா, வேன் வந்துடும்!" என்று அம்மா கத்துவார். பையன் போர்வையை இன்னும் இழுத்து மூடிக்கொள்வான். உடனே தாத்தா ஆரம்பித்துவிடுவார்: "அந்தக் காலத்துல பிள்ளைங்களை யாரும் எழுப்பினதில்ல. கோழி கூவறதுக்கு முன்னாடியே பள்ளிக்கூடத்துல இருப்பாங்க!"

தாத்தா சொல்வது பொய் இல்லை. ஆனால் அந்தப் பிள்ளைகளை எழுப்பியது எது என்பதை மட்டும் அவர் சொல்வதில்லை.

1822-ல் சென்னை மாகாண ஆளுநராக இருந்த தாமஸ் மன்றோ, மாகாணம் முழுவதும் இருந்த பள்ளிக்கூடங்களைக் கணக்கெடுக்கச் சொல்லி கலெக்டர்களுக்கு உத்தரவிட்டார். திருத்தணி வட்டாரம் அப்போது வடஆற்காடு ஜில்லாவில் இருந்தது. அந்த ஜில்லாவும் கணக்கில் சேர்ந்தது. 1826-ல் வந்த மொத்தக் கணக்கு: 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். பெரும்பாலான கலெக்டர்கள் அட்டவணையை நிரப்பி அனுப்பியதோடு சரி. பெல்லாரி கலெக்டர் ஏ.டி. கேம்ப்பெல் மட்டும் 1823 ஆகஸ்டில் எழுதிய கடிதத்தில் வகுப்புக்குள் நடப்பதையே விவரித்திருக்கிறார். (இந்தக் கடிதங்களைத் தேடியெடுத்து 1983-ல் புத்தகமாகத் தந்தவர் தரம்பால்.)

அவர் சொல்வது இதுதான். பள்ளி திறக்கும் நேரம் காலை ஆறு மணி. முதலில் வரும் பையனின் உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயரை எழுதுவார்கள். இரண்டாவதாக வருபவன் கையில் ஒரு பூஜ்யம். அவனுக்குப் பாராட்டும் இல்லை, திட்டும் இல்லை. மூன்றாவதாக வருபவனுக்கு மெதுவாக ஒரு அடி. நான்காமவனுக்கு இரண்டு. அதற்குப் பின் வரும் ஒவ்வொருவனுக்கும் ஒன்று கூடுதல். கணக்குப் போட்டால் இருபதாவது பையனுக்கு 18 அடி! சோம்பேறிப் பையன்களைக் கூரையில் கைகளைக் கட்டித் தொங்கவிடுவதும் உண்டாம். நம் ஊரில் இதற்குக் கோதண்டம் என்று பெயரே இருந்தது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. அடி தாமதத்துக்கு இல்லை, வரிசைக்கு. எல்லோரும் ஐந்து மணிக்கே வந்துவிட்டாலும் மூன்றாவது பையனுக்கு அடி உண்டு. நான்கு மணிக்கு வந்தாலும் உண்டு. ஊரில் கடிகாரம் கிடையாது, "இதற்குள் வந்தால் போதும்" என்ற எல்லையும் கிடையாது. முந்துவதற்கு முடிவே இல்லாத பந்தயம் அது. பிள்ளைகள் இருட்டில் எழுந்து ஓடியதை ஒழுக்கம் என்று சொல்வதா, பயம் என்று சொல்வதா?

ஆனால் இரவு வேறு மாதிரி இருந்தது. 1855-ல் பிறந்த உ.வே.சாமிநாதையர் 'என் சரித்திரம்' நூலில் தம் காலத்துத் திண்ணைப் பள்ளியைப் பற்றிச் சொல்கிறார். மாலையில் வீட்டுக்கு அனுப்பும்போது வாத்தியார் ஒவ்வொரு பையனுக்கும் ஒரு பூ, ஒரு பறவை என்று சில பெயர்களைச் சொல்லி அனுப்புவார். மறுநாள் காலையில் அதை மறக்காமல் வந்து சொல்ல வேண்டும். இரவுக்கான வீட்டுப்பாடம் அவ்வளவுதான்! ஆமணக்கெண்ணெய் விளக்கில் அதற்கு மேல் படிக்கவும் முடியாது, எண்ணெயும் காசு. இருட்டினால் சாப்பாடு, சாப்பிட்டால் தூக்கம். நாலரைக்கு எழுந்த பையனும் எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் தூங்கியிருப்பான்.

1856 ஜூலை 1-ல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ரயில் ஓடத் தொடங்கியது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதையான அது இந்தப் பக்கமாகத்தான் போனது. ரயிலோடு கடிகார மணியும் வந்தது. அரசாங்க ஆபீஸும் இங்கிலீஷ் பள்ளிக்கூடமும் மணி அடித்துத் திறந்தன. வெள்ளைக்காரன் கொண்டுவந்ததில் குறை சொல்ல எவ்வளவோ உண்டு. ஆனால் பள்ளிக்கூட மணி ஒரு நல்ல காரியம் செய்தது. மணிக்குள் வந்துவிட்டால் முதல் பையனும் கடைசிப் பையனும் ஒன்றுதான். மூன்றாவது பையன் தப்பித்தான்.

இன்று மணி இருக்கிறது, பிரம்பும் போய்விட்டது. கல்வி உரிமைச் சட்டம் 2009-லேயே பள்ளியில் அடிப்பதைத் தடை செய்துவிட்டது. ஆனால் வேன் வந்துவிட்டது, அதற்கு முன்னால் டியூஷனும். ஏழு மணிக்குக் குழந்தைகள் பள்ளிக்குப் போகும்போது நீதிபதிகள் ஒன்பது மணிக்கு வரக்கூடாதா என்று 2022-ல் உச்ச நீதிமன்ற நீதிபதி யு.யு. லலித் கேட்டார். குழந்தைகள் ஏன் ஏழு மணிக்குப் போக வேண்டும் என்று யாராவது திருப்பிக் கேட்டிருக்கலாம்! அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அமைப்பு அதைத்தான் கேட்டது. எட்டரைக்கு முன்னால் உயர்நிலைப் பள்ளிகளைத் திறக்க வேண்டாம் என்று 2014-லேயே சொல்லிவிட்டது.

6 முதல் 12 வயது வரை உள்ள பிள்ளைக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறார்கள் தூக்க மருத்துவர்கள். ஐந்தரைக்கு எழுப்ப வேண்டிய பிள்ளை, குறைந்தபட்சக் கணக்குப்படி பார்த்தாலும், இரவு எட்டரைக்குத் தூங்கியாக வேண்டும். எட்டரைக்குப் பல வீடுகளில் டிவி ஓடிக்கொண்டிருக்கும், வீட்டுப்பாடம் பாதியில் இருக்கும், தோசைக்கல்லே அப்போதுதான் அடுப்பில் ஏறியிருக்கும்.