பஞ்சம் கற்பித்த மொழி: பண்டித ரமாபாயின் வாழ்வும் துன்பம் பற்றிய ஒரு கேள்வியும்

உபத்திரவம் பொறுமைக்கும், பொறுமை நம்பிக்கைக்கும் வழியாகும் என்னும் கருத்தைப் பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 5ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். துன்பம் மனிதரைப் பண்படுத்தும் என்போர் பெரும்பாலும் இப்பகுதியையே சான்றாகக் காட்டுவர். இக்கூற்றை உரசிப் பார்க்கத்தக்க வாழ்வொன்று கருநாடக மண்ணில் தொடங்கியது.

பெங்களூருவுக்கு மேற்கே, துங்கையும் பத்ராவும் தோன்றும் கங்காமூலக் காட்டில் 1858இல் ரமாபாய் பிறந்தார். தந்தை அனந்த சாஸ்திரி டோங்ரே, மனைவிக்கு வடமொழி கற்பித்ததற்காகச் சமூகத்தாரின் எதிர்ப்பைத் தாங்கியவர். அத்தாயிடமே மகளும் வடமொழி பயின்றார். தலந்தோறும் புராணம் வாசித்து அக்குடும்பம் பிழைத்தது. 1870களில் சென்னை மாகாணத்தைப் பிடித்த பஞ்சத்தில் தந்தை, தாய், தமக்கை ஆகிய மூவரும் அடுத்தடுத்து மாண்டனர். தாயின் பாடையைச் சுமக்க ஆள் போதாமல் ரமாபாயும் தோள் கொடுக்க நேர்ந்தது. உயரம் குறைந்தவராதலால் அதைத் தலைமேல் தாங்கினார்.

எஞ்சிய இருவரும், ரமாபாயும் தமையன் சீனிவாசரும், நாடெங்கும் நடந்து 1878இல் கல்கத்தாவை அடைந்தனர். அங்குள்ள அறிஞர்கள் அவருக்குப் 'பண்டிதா', 'சரஸ்வதி' என்னும் பட்டங்களை அளித்தனர். 1880இல் தமையன் இறந்தார்; அவ்வாண்டே மணந்த விபின் பிகாரி மேதாவி 1882இல் காலராவுக்கு இரையானார். கைக்குழந்தையுடன் கைம்பெண்ணாக நின்றபோது ரமாபாய்க்கு வயது 23.

துன்பமே வளர்ச்சி தரும் எனில், அதே பட்டினியைத் தாங்கிய சீனிவாசரின் கதையை எங்கே வைப்பது? பிழைத்தவர்களே பின்னாளில் வளர்ச்சியைப் பற்றிப் பேச இயலும்; மாண்டோரின் சாட்சியம் ஏட்டில் இல்லை. ஆகவே துன்பம் என்ன செய்தது என்பதைக் காட்டிலும், துன்பத்தைக் கொண்டு அவர் என்ன செய்தார் என்பதே வரலாற்று மாணவர் கேட்க வேண்டிய கேள்வி.

1883இல் இங்கிலாந்து சென்ற ரமாபாய், சமூகம் 'வழிதவறியோர்' என ஒதுக்கிய பெண்களுக்குக் கன்னியர் நடத்திய இல்லத்தைக் கண்டார். அவ்வாண்டு செப்டம்பரில் வாண்டேஜில் திருமுழுக்குப் பெற்றார். எனினும் கேட்டதையெல்லாம் ஏற்கும் இயல்பு அவரிடம் இல்லை. அணியச் சொன்ன சிலுவையில் இலத்தீன் எழுத்து ஏன், அது வடமொழியைவிட எவ்வகையில் உயர்ந்தது என்று கன்னியரிடம் வாதிட்டார். பசியும் இழப்பும் அவரைப் பணியவைக்கவில்லை. எந்த அதிகாரத்தையும் கேள்வி கேட்கும் துணிவு அவரிடம் குன்றாதிருந்தது.

1889இல் பம்பாயில் சாரதா சதனத்தை நிறுவினார். 1896–97இல் மத்திய மாகாணங்களைப் பஞ்சம் சூழ்ந்தபோது தாமே அங்குச் சென்று, ஆதரவற்ற சிறுமியரையும் கைம்பெண்களையும் நூற்றுக்கணக்கில் அழைத்து வந்தார். புனே அருகே கேட்காவில் உருவான முக்தி இல்லத்தில், அடுத்த பஞ்சத்துக்குப் பின் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்தனர். தம் வீட்டாரைப் பறித்த பசியை அவர் மறுமுறை எதிர்கொண்டது பாடை சுமக்க அன்று. உயிருள்ளோரைத் தூக்கி வர.

அவ்வனுபவத்தின் ஆழமான தடம் அவர் மொழியில் பதிந்துள்ளது. எபிரேயமும் கிரேக்கமும் கற்று விவிலியத்தை மராத்தியில் பெயர்த்தபோது, 'சரஸ்வதி' பட்டம் பெற்ற அவ்வறிஞர் வடமொழி மிகுந்த நடையைத் தவிர்த்தார். கல்வி வாய்ப்பற்ற கிராமத்துப் பெண்ணுக்கும் விளங்கும் பேச்சுவழக்கு மராத்தியைத் தேர்ந்தார். முக்தி இல்லத்துப் பெண்களே அச்சுக்கோத்து அச்சிட்டனர். ஒருகாலத்தில் இலத்தீனுக்கு எதிராக அவர் நிறுத்திய வடமொழியே இப்போது பஞ்சத்தில் மீண்ட பெண்களுக்காகப் பின்னுக்கு வைக்கப்பட்டது. மொழியியல் நோக்கில், ஒருவர் தமக்குப் பெருமை தந்த மொழிநடையைத் தாமே துறப்பது அரிது.

1921இல் ஒரே மகள் மனோரமாவையும் இழந்தார். மொழிபெயர்ப்புப் பணி தொடர்ந்தது. 1922 ஏப்ரல் 5 அன்று ரமாபாய் மறைந்தார். முழு விவிலியம் 1924இல் வெளிவந்தது.

துன்பத்தை வரமென்று போற்ற இவ்வாழ்வு இடந்தருவதில்லை. பஞ்சம் தடுத்திருக்கக்கூடிய கொடுமை. அதை 'இறைவனின் பள்ளி' என்றழைப்பது மாண்டோருக்கு இழைக்கும் அநீதி. பவுல் சொல்லும் வரிசையில் பொறுமை என்பது வாளாவிருத்தல் அன்று என்பதையே இவ்வாழ்வு காட்டுகிறது. பட்ட பசியை மறவாமல், அதே பசியில் கிடப்போரிடம் திரும்பிச் சென்று, அவர்கள் மொழியில் பேசக் கற்றதே ரமாபாயின் வளர்ச்சி.