சைக்கிள் ரயருக்குக் காற்றா, காபனீரொட்சைட்டா?

2022 பெற்றோல் வரிசைகளின் காலத்தில் கொழும்பில் சைக்கிள் மீண்டும் வீதிக்கு வந்தது. நானும் கல்கிசையிலிருந்து வெள்ளவத்தைக்குக் காலி வீதியால் சைக்கிளில்தான் போய்வருகிறேன். வெளிநாட்டில் இருக்கும் உறவினர்கள் இப்போது ஒரு கேள்வி கேட்கிறார்கள்: விரலளவு இரும்பு உருளையில் காபனீரொட்சைட்டு வருகிறதே, ஊரில் சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்களுக்கு அதை வாங்கி அனுப்பலாமா?

சாதாரணமாக ஓர் உருளையில் 16 கிராம் வாயு, அழுத்தத்தால் திரவமாக்கி அடைக்கப்பட்டிருக்கும். திறந்தால் நமது வெப்பநிலையில் ஏறக்குறைய 9 லீற்றர் வாயுவாக விரியும். மெல்லிய பந்தய ரயருக்கு அது தாராளம். ஊரில் ஓடும் 28 அங்குலப் பெரிய சைக்கிளின் ரயருக்கோ, கணக்குப் பார்த்தால், 50 இறாத்தல் அளவில் ஒருமுறை நிரப்பத்தான் காணும். பிறகு உருளை வெறும் இரும்பு.

வேகத்தில் அதற்கு நிகரில்லை. சில விநாடிகளில் வேலை முடியும். திரவம் வாயுவாகும்போது வெப்பத்தை இழுத்துக்கொள்வதால் உருளையில் உறைபனி படியும். வெறுங்கையால் பிடித்தால் தோல் காயப்படும், துணி சுற்றிப் பிடிக்க வேண்டும்.

ஆனால் அந்தக் காற்று நிற்காது. காபனீரொட்சைட்டு இறப்பரில் கரைந்து, நைதரசனைவிடப் பல மடங்கு வேகமாக ரியூப்பின் சுவரூடாக வெளியேறும். ஓட்டையே இல்லாவிட்டாலும் அடுத்த நாள் ரயர் இளகியிருக்கும். நாம் பம்மால் அடிக்கும் காற்றில் 78 வீதம் நைதரசன், அதனால்தான் அது வாரக்கணக்கில் தாங்குகிறது. எனவே உருளையால் அடித்து வீடு வந்தவர், வாயுவை முழுவதும் இறக்கிவிட்டுப் பம்மால் அடிப்பது நல்லது. ஓட்டை இருந்தால் எதை அடித்தும் பயனில்லை, முதலில் ஒட்டுப்போட வேண்டும்.

1990களில் வடக்கில் எரிபொருள் தடை இருந்தபோது நோயாளியும் விறகும் அரிசி மூட்டையும் சைக்கிளிலேயே போயின. அந்தச் சைக்கிள்களை ஓடவைத்தது வீட்டுப் பம்மும் ஒட்டுப்போடும் சாமானும்தான். இன்றும் கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ தினமும் சைக்கிளை நம்பி வாழ்பவருக்கு நான் அவற்றையும் இரண்டு ரியூப்பையுமே வாங்கிக் கொடுப்பேன். உருளை, இரவில் தனியாக நீண்ட தூரம் ஓடுபவரின் பையில் ஒன்று இருக்கட்டும்.

அப்படி வாங்குவதானாலும் வால்வைப் பாருங்கள். நமது பெரிய சைக்கிள்களில் உள்ளே சிறு இறப்பர் குழாய் போட்ட பழைய வால்வு. உருளையின் முனைகள் பெரும்பாலும் வேறு இரண்டு வகை வால்வுகளுக்காகச் செய்யப்பட்டவை. விமானப் பயணப் பெட்டியிலும் கேட்காமல் வைக்கக் கூடாது. அழுத்த வாயு என்பதால் விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும்.