மொன்றியலில் சென்னைப் பறவைகள்

மொன்றியல் நகரின் மக்கில் பல்கலைக்கழக நூலகத்தில் சென்னைப்பட்டினத்து வரலாற்றின் ஒரு துண்டு இருக்கிறது. 'தமிழ்' என்றோ 'சென்னை வரலாறு' என்றோ தேடிக்கொண்டு போகிறவர் அதை இலகுவில் கண்டுபிடிக்கமாட்டார். அது விலங்கியல் தொகுப்புக்குள் இருக்கிறது. 121 பறவை ஓவியங்கள், அவற்றோடு மீன்களும் மலர்களும். எல்லாம் நீர்வர்ண ஓவியங்கள். வரைந்தவர்கள் 1801இல் சென்னையில் வந்திறங்கிய இரண்டு ஆங்கிலேயச் சகோதரிகள்.

மூத்தவர் எலிசபெத் குவில்லிம். அவருடைய கணவர் ஹென்றி குவில்லிம், அப்போதுதான் சென்னையில் நிறுவப்பட்ட உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகளில் ஒருவர். இளையவர் மேரி சைமன்ட்ஸ், அக்காவுக்குத் துணையாக வந்தவர். எலிசபெத் தெலுங்கு படித்தார். பறவைபிடிகாரர் கொண்டுவந்த பறவைகளை உயிரோடு வைத்துக்கொண்டு, இறகை இறகாகப் பார்த்து வரைந்தார். ஓடபன் என்ற புகழ்பெற்ற பறவை ஓவியர் 'அமெரிக்காவின் பறவைகள்' நூலை வெளியிடத் தொடங்கியது 1827இல். அதற்கு இருபது வருடங்களுக்கு முன்பே சென்னைத் தோட்டவீடு ஒன்றில் இந்த வேலை நடந்து முடிந்துவிட்டது. ஆனால் அவை அச்சேறவில்லை. எலிசபெத் 1807 டிசம்பரில் சென்னையிலேயே, தமது 44ஆவது வயதில் இறந்தார். தங்கை மறுவருடம் இங்கிலாந்து திரும்பினார். அரசாங்கத்தோடு முரண்பட்ட நீதிபதியும் திருப்பி அழைக்கப்பட்டார்.

இந்த ஓவியங்கள் மொன்றியலுக்கு வந்த வழி வேறொரு கதை. ஒன்ராறியோவில் பிறந்து, மொன்றியலில் மருத்துவம் படித்து, சிக்காகோவில் கண் மருத்துவராகப் பேரெடுத்தவர் கேசி வூட். பறவை நூல்களில் பெரும் பித்துக் கொண்டவர். 1920இல் மக்கிலில் தொடங்கிய விலங்கியல் நூலகத்துக்காக உலகமெல்லாம் சுற்றி நூல்களையும் ஓவியங்களையும் வாங்கினார். இலங்கையிலும் தங்கி ஓலைச்சுவடிகள் சேர்த்தார். 1924இல் லண்டனில் ஒரு கலைப்பொருள் வணிகரிடம் இருந்த குவில்லிம் ஓவியங்கள் அவர் கண்ணில் பட்டன. அப்படித்தான் சென்னையின் பறவைகள் சென் லோறன்ஸ் நதிக்கரைக்கு வந்துசேர்ந்தன.

பறவைகள் மொன்றியலுக்கு வந்தன. சகோதரிகள் ஊருக்கு எழுதிய கடிதங்கள் லண்டனில் பிரித்தானிய நூலகத்துக்குப் போயின. மேரி வரைந்த நிலக்காட்சிகளும் மனிதர்களும் இங்கிலாந்தின் நொறிச் நகரில் உள்ள தென்னாசியத் தொகுப்பு ஒன்றில் இருக்கின்றன. எலிசபெத்தின் உடல் மாத்திரம் சென்னையில். ஒரு குடும்பத்தின் ஆறு வருட வாழ்க்கை நான்கு இடங்களில் கிடக்கிறது. இந்த மாதிரிச் சிதறல் எப்படிப்பட்டது என்பதை நமக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை.

இப்படிப்பட்ட தொகுப்பொன்றைப் பயன்படுத்துவதில் முதற் பாடம் இதுதான்: கையில் இருக்கும் பெட்டி முழுக் கதையையும் சொல்லாது. ஓவியத்தை மட்டும் பார்த்தால் அழகான ஒரு பறவை. கடிதத்தோடு சேர்த்துப் பார்த்தால், அதற்குப் பின்னால் ஒரு பட்டினம் தெரிகிறது. வேலையாட்கள் நிறைந்த வீடு, சந்தை, கோயில் திருவிழா, 1806 ஜூலையில் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த செய்தி, அதே காலத்தில் சென்னைப் பகுதியை வாட்டிய பஞ்சம். பறவை மட்டும் எந்தப் பஞ்சமும் தெரியாமல் கொப்பில் நிற்கிறது. 2019 அளவில் மக்கிலை மையமாகக்கொண்ட ஆய்வாளர் குழுவொன்று மூன்று இடத்துப் பொருட்களையும் ஒன்றுசேர்த்து வாசிக்கத் தொடங்கியது. கடிதங்களை எழுத்துக்கூட்டிப் படியெடுத்து இணையத்தில் இட்டார்கள். 2023இல் ஒரு கட்டுரைத் தொகுதியும் வந்தது. சிதறியதை ஒரே கூரையின் கீழ் கொண்டுவர முடியாது. ஒரே வாசிப்பின் கீழ் கொண்டுவரலாம்.

இரண்டாவது பாடம் சொற்களைப் பற்றியது. நூலகத்தின் பட்டியல் அதை எழுதியவரின் மொழியில் பேசுகிறது. பழைய ஐரோப்பிய ஏடுகளில் நாம் 'தமிழர்' அல்ல. நாம் 'மலபார்கள்', நம் மொழி 'மலபாரிக்'. இலங்கையிலே பிரித்தானியர் 19ஆம் நூற்றாண்டிலும் அப்படித்தான் எழுதினார்கள். தெலுங்கு 'ஜென்டூ' ஆகும். யாழ்ப்பாணம் 'ஜாஃப்னாபட்டம்', திருவல்லிக்கேணி 'ட்ரிப்ளிக்கேன்', தரங்கம்பாடி 'ட்ரான்குபார்'. இந்தத் திறப்புகள் இல்லாமல் போகிறவர் "எங்களைப் பற்றி ஒன்றுமில்லை" என்று திரும்பிவிடுவார். இருக்கிறது, ஆனால் வேறு பெயரில்.

மூன்றாவது பாடம்தான் கசப்பானது. பட்டியலில் யாருக்குப் பெயர் இருக்கிறது? வரைந்தவருக்கு இருக்கிறது. வாங்கிக் கொடுத்தவருக்கு இருக்கிறது. பறவைக்கு இலத்தீனில் பெயர் உண்டு. எலிசபெத்தின் நினைவாக ஒரு தாவரத்துக்கே 'குவில்லிமியா' என்று பெயர் வைத்தார்கள். மக்னோலியாவின் ஒரு பிரிவு இன்றும் அந்தப் பெயரைத் தாங்குகிறது. வைத்தவர் ரொட்லர் பாதிரியார், தமிழ் அகராதி தொகுத்த அதே ரொட்லர். ஆனால், வலை வைத்துப் பறவையைப் பிடித்தவன் யார்? கால் கட்டி, சிறகு முறியாமல் அதைத் தோட்டவீட்டுக்குக் கொண்டுவந்தவன் யார்? அதன் பழக்கவழக்கத்தைச் சொன்னவன் யார்? அவன் வெறும் 'பறவைபிடிகாரன்'. அவன் கை படாமல் இந்தத் தொகுப்பில் ஒரு தாளும் இல்லை. அவன் பெயர் தாங்கிய தாளும் இல்லை.

இதை ஒரு குற்றப்பத்திரிகையாக வாசித்துவிட்டுப் போவது இலகு. அதனால் பயனில்லை. இந்த ஓவியங்களுக்கு முன்னால் தமிழ் தெரிந்த ஒருவர் போய் நிற்பதால் என்ன கூடுகிறது என்பதே கேட்கவேண்டியது. ஒரு பெயரில் எவ்வளவு அறிவு அடங்கியிருக்கிறது! நத்தைகுத்தி நாரை என்றால் அது என்ன தின்னும் என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது. மயிலிட்டியிலோ குருநகரிலோ வளர்ந்து இங்கே உணவகமொன்றில் கோப்பை கழுவிய ஒரு மனிதர், ஒரு மீனின் படத்தைக் கண்டதும் அதன் பெயரையும், எந்த மாதத்தில் படும், எந்த வலையில் படும் என்பதையும் சொல்லுவார். இலத்தீன் பெயருக்குப் பக்கத்தில் அவர் சொன்னதும் எழுதப்பட்டால், அது பட்டியலுக்குப் புதிதாகச் சேர்ந்த அறிவு. சிறப்புத் தொகுப்புகள் பேராசிரியர்களுக்கு மட்டும் உரியவை அல்ல. முன்கூட்டி நேரம் கேட்டு, பேனையை வெளியே வைத்துவிட்டு, பென்சிலோடு உள்ளே போய்ப் பார்க்கலாம். போக முடியாதவர் இணையத்தில் ஓவியங்களைப் பார்க்கலாம்.

இதை நாம் ஏன் பொருட்படுத்தவேண்டும் என்று கேட்கலாம். 1981 ஜூன் முதலாம் திகதிக்கு முந்திய இரவில் எரியூட்டப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் 97,000 வரையான நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. வேறெங்கும் பிரதியில்லாதவை அவற்றில் இருந்தன. ஓரிடத்தில் அன்போடு சேர்த்து வைத்ததெல்லாம் ஓரிரவில் போயிற்று. அந்நியன் தன் ஆசைக்கு அள்ளிக்கொண்டு போனது பனிநாட்டில் பத்திரமாக இருக்கிறது. இந்த முரண் நெஞ்சை அறுப்பது. ஆனால் அதிலிருந்து எடுக்கவேண்டியதை எடுத்துக்கொள்ளவேண்டும்: பிரதி பல இடங்களில் இருக்கவேண்டும், ஒவ்வொரு பிரதியும் பெயரோடு இருக்கவேண்டும். 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளம் இந்த வேலையின் ஒரு பாதியைச் செய்துவருகிறது.

மறுபாதி நமது வீடுகளில் இருக்கிறது. 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளிலிருந்து மீட்கப்பட்ட 155 தமிழர் தொடக்கம், இந்நாட்டில் நமது வரவும் இப்போது ஒரு வரலாறு. கையெழுத்திலும் தட்டச்சிலும் வந்த சிறுபத்திரிகைகள், கோயில் மலர்கள், ஊர்ச்சங்கக் கணக்குப் புத்தகங்கள், அகதி விண்ணப்பப் பிரதிகள், ஊரிலிருந்து வந்த நீலநிற விமானக் கடிதங்கள் எல்லாம் நிலவறைப் பெட்டிகளில் ஈரம் குடித்துக்கொண்டிருக்கின்றன. கியூபெக்கில் வெளியாகும் எதனையும் மாகாணத்தின் தேசிய நூலகத்தில் வைப்புச் செய்யவேண்டும் என்ற சட்டம் 1968 முதல் நடைமுறையில் இருக்கிறது. நம்முடைய பத்திரிகைக்காரரில் எத்தனை பேர் அதைச் செய்தோம்? சட்டம் நம்மைத் தண்டிக்க வரவில்லை. நமக்கு ஒரு தட்டில் இடம் தருகிறேன் என்றுதான் சொன்னது.

ஒரு படத்தின் பின்புறத்தில் பெயர், ஊர், வருடம் என்று மூன்று சொல் எழுத அரை நிமிடம் போதும். அது எழுதப்படாவிட்டால், நூறு வருடத்துக்குப் பிறகு யாரோ ஒருவர் அதை ஒரு பெட்டியிலிருந்து எடுத்து, நல்ல மனத்தோடு, தன் மொழியில், 'குளிர்ச்சட்டை அணிந்த தென்னாசிய ஆண், பெயர் இல்லை' என்று பட்டியலில் எழுதிவைப்பார். பறவைபிடிகாரனுக்கு எழுதத் தாள் கிடைக்கவில்லை. நமக்குக் கிடைத்திருக்கிறது.