நின்றுபோன பெரிய மாதிரி இரயில்களும் அவற்றின் உதிரிப்பாகங்களும்

மாதிரி இரயிலைச் சிறுவர் விளையாட்டுப் பொருள் என்று மட்டுமே கருதி, அதனை வரலாற்றுக்குப் புறத்தே நிறுத்திவிடுவது வழக்கமாக இருக்கிறது. ஆயினும் ஒரு தொழில் எவ்வாறு அளவுகளை வகுத்துக்கொண்டு வளர்ந்தது, எக்காரணங்களால் நலிந்தது, அது மறைந்தபின் அதன் பொருள்களை யார் எவ்வாறு காத்தனர் என்பனவற்றை ஒரு மேசையின்மேல் வைத்துக் காட்டக்கூடிய சான்று அதனைப்போல் வேறொன்று கிடைப்பது அரிது.

1930ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் செய்யப்பட்ட பெரிய மாதிரி இரயில் ஒன்றை இன்று பெட்டியிலிருந்து எடுப்பவர், சில வேளைகளில் விந்தையான காட்சி ஒன்றைக் காண்பார். தகர உடலின் எனாமல் வண்ணம் மங்கியிராது. பித்தளைத் தகடுகள் துடைத்தால் ஒளிரும். மோட்டாரின் செப்புக் கம்பிச் சுருளும் பழுதின்றி இருக்கும். சக்கரங்கள் மட்டும் வீங்கி, வெடித்து, விளிம்பு உதிர்ந்து, விரல் பட்டால் பிட்டுபோல் பொடிந்துவிடும். ஓடித் தேய்ந்ததால் வந்த கேடன்று இது. பெட்டிக்குள் கிடந்தபடியே நொறுங்கியிருக்கிறது. இந்த இரயிலுக்கு ஒரு சக்கரம் எங்கே கிடைக்கும்? செய்த தொழிற்சாலை அந்த அளவைக் கைவிட்டு எண்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன.

இவ்வினாவின் வேர் ஜெர்மனியில் இருக்கிறது. வூர்ட்டம்பெர்க் நாட்டின் கோப்பிங்கன் நகரில் 1859ஆம் ஆண்டில் தொடங்கிய மார்க்ளின் நிறுவனம், முதலில் பொம்மைச் சமையலறைக்கு வேண்டிய தகரப் பாத்திரங்களைச் செய்து வந்தது. பொம்மைச் சமையலறைக்கு ஓர் இயல்பு உண்டு. அதனை வாங்கிய குழந்தை அடுத்த ஆண்டு ஒரு குடத்தையும், அதற்கடுத்த ஆண்டு ஓர் அடுப்பையும் கேட்கும். இரயிலையும் அவ்வாறே ஆண்டுதோறும் வளர்த்துக்கொள்ளும் பொருளாக ஆக்கலாம் என்பதே மார்க்ளின் கண்ட உண்மை. 1891ஆம் ஆண்டு லைப்சிக் நகரில் நடந்த வசந்தகாலச் சந்தையில், எட்டு வடிவில் அமைந்த தண்டவாளத்தின்மேல் சாவி கொடுத்து ஓடும் இரயிலை அந்நிறுவனம் காட்டியது. தண்டவாளத்தின் அகலத்திற்கு 1, 2, 3 என்று எண்களும் இட்டது. தண்டவாளத் துண்டு, வழி மாற்றும் துண்டு, பெட்டி, எஞ்சின் யாவும் தனித்தனியே விற்கப்பட்டன. ஒரே எண் கொண்டவை ஒன்றோடொன்று பொருந்தும்.

பொம்மை இரயில் அதற்கு முன்பும் இருந்தது. ஆனால் உதிரிப்பாகம் என்ற கருத்து அதற்கு இல்லை. வாங்கிய பொருள் உடைந்தால் உடைந்ததுதான். அளவு வகுக்கப்பட்ட பின்னரே, ஒரு பாகத்தை மட்டும் மாற்றலாம் என்னும் நம்பிக்கை பிறந்தது. அதனோடு, அந்த அளவு ஒருநாள் கைவிடப்படலாம் என்னும் இடரும் கூடவே பிறந்தது எனலாம்.

அளவு வகுப்பதிலும் ஓர் இடையூறு இருந்தது. மார்க்ளின் நிறுவனத்தார் அகலத்தை ஒரு தண்டவாளத்தின் நடுவிலிருந்து மற்றதன் நடுவரை அளந்தனர். அக்கணக்கில் முதலாம் எண் 48 மில்லிமீட்டர். இரண்டாம் எண் 54. மூன்றாம் எண் 75. அமெரிக்காவில் ஜோஷுவா லயனல் கோவன் நிறுவிய லயனல் நிறுவனமோ 1906ஆம் ஆண்டில் தன் பெரிய இரயிலுக்கு இரண்டே கால் அங்குலத்திற்கு அரைக்கால் அங்குலம் குறைந்த அகலத்தை வகுத்தது. அதுவும் ஏறத்தாழ 54 மில்லிமீட்டரே. ஆனால் தண்டவாளங்களின் உட்புறங்களுக்கு இடையே அளந்தது. ஜெர்மானியரின் எண்ணைக் கண்டு, அளக்கும் முறையை மட்டும் தவறாகக் கொண்டனர் என்று சிலர் கருதுகின்றனர். காரணம் எதுவாயினும், இரண்டாம் எண் இரயிலின் சக்கரம் லயனல் தண்டவாளத்தில் பொருந்தி ஓடவில்லை. கோவன் அதற்கு 'ஸ்டாண்டர்டு' என்று பெயரிட்டு, அப்பெயரையும் தமக்கே உரிமையாக்கிக்கொண்டார். ஐவ்ஸ், அமெரிக்கன் ஃபிளையர் போன்ற போட்டியாளர் பின்னர் அதே அளவில் இரயில் செய்தபோது, அப்பெயரைப் பயன்படுத்த இயலாமல் 'அகலப் பாதை' என்று விளம்பரம் செய்ய நேர்ந்தது. பொது அளவு என்று பெயர் பெற்றது, பெயரளவில் ஒருவருக்கே உரியதாக இருந்தது!

1929க்குப் பின் வந்த பொருளாதார மந்தம் பெரிய இரயில்களின் காலத்தை முடித்தது. விலை மலிந்ததும் இடம் குறைவாகப் பிடிப்பதுமான சிறிய அளவுகளை மக்கள் நாடினர். நூரம்பெர்க்கின் மாபெரும் பொம்மை நிறுவனமாக இருந்த பிங் 1930களின் தொடக்கத்தில் வீழ்ந்தது. மார்க்ளின் தன் முதலாம் எண் இரயிலை அந்தப் பத்தாண்டிலேயே நிறுத்தியது. லயனலின் 54 மில்லிமீட்டர் இரயிலும் 1940 வாக்கில் மறைந்தது.

இனி, சக்கரம் நொறுங்கிய கதைக்கு வருவோம். 1920களில் துத்தநாகக் கலவையை உருக்கி, எஃகு வார்ப்பச்சினுள் அழுத்தத்தோடு செலுத்திப் பாகங்களை வார்க்கும் முறை பரவியது. விரைவானது, மலிவானது. ஆனால் அக்கலவையில் ஈயம் மிக நுண்ணிய அளவில் கலந்துவிட்டாலும் அது உலோக மணிகளின் இடுக்குகளில் தங்கிவிடும். காற்றின் ஈரம் பட்டுப்பட்டு அவ்விடுக்குகள் அரிக்கப்படும், அரிமானம் இடத்தை அடைத்து வீங்கும், பின்னர் வெடிக்கும். ஜெர்மானியர் இதனைத் 'துத்தநாகக் கொள்ளைநோய்' என்று அழைக்கின்றனர். நோய் என்ற பெயரால் ஒரு பாகத்திலிருந்து மற்றொன்றுக்குத் தொற்றும் என அஞ்சுவோரும் உண்டு, அது தவறு. கேடு வார்த்த நாளிலேயே உள்ளே இருந்தது. வெப்பமும் ஈரமும் மிகுந்த மலேசியா, சிங்கப்பூர் போன்ற நாடுகளில் அது விரைந்து வளரும். 1929ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நூற்றுக்கு 99.99 பங்கு தூய்மையான துத்தநாகத்தைக் கொண்டு 'சாமக்' என்னும் கலவை வகுக்கப்பட்டது. அதன்பின் இந்தக் கேட்டினைத் தடுக்க முடிந்தது. அதற்கு முன் வார்த்தவற்றுக்கும், பின்னரும் பழைய கசடுகளைச் சேர்த்து உருக்கியோர் வார்த்தவற்றுக்கும் மருந்து இல்லை. மாற்றுப் பாகம் ஒன்றே வழி.

அந்த மாற்றுப் பாகத்தைப் பல ஆண்டுகள் காத்து வைத்திருந்தது நியூயார்க் மன்ஹாட்டன் 23ஆம் தெருவில் இருந்த ஒரு கடை. பெயர் மேடிசன் ஹார்ட்வேர். பெயரைக் கேட்டால் ஆணியும் சுத்தியலும் விற்கும் இரும்புக்கடை என்று தோன்றும்; உள்ளே கூரைவரை அடுக்கியிருந்தவையோ லயனல் இரயில்களும் அவற்றின் பாகங்களும். ஷூர் என்னும் சகோதரர் இருவர் அதனை நடத்தினர். ஏனையோர் விலை குறைத்துத் தள்ளிய பழைய சரக்கை அவர்கள் வாங்கி அடுக்கினர். 1980களின் இறுதியில், அப்போது லயனல் நிறுவனத்தின் உரிமையாளராயிருந்த ரிச்சர்டு கூன் அக்கடையையே விலைக்கு வாங்கி, சரக்கனைத்தையும் டெட்ராய்ட் நகருக்குக் கொண்டுசென்றார். தாய் நிறுவனம் கைவிட்ட பொருளை ஒரு சில்லறைக் கடை நெடுங்காலம் காத்தது. பின்னர் தாய் நிறுவனத்தின் தலைவரே அதனைத் தேடி வந்து வாங்கினார். வணிக வரலாற்றில் இத்தகைய நிகழ்ச்சி அடிக்கடி காண்பதன்று.

எனினும் அடுக்கி வைத்த சரக்கு என்றேனும் ஒருநாள் தீரும். வற்றாத ஊற்று வார்ப்பச்சுதான். அதன் கதியை ஜெர்மனியின் லேமன் நிறுவனத்தின் வரலாறு நன்கு விளக்குகிறது.

1881ஆம் ஆண்டில் எர்ன்ஸ்ட் பால் லேமன் என்பார் பிராண்டன்பர்க் நகரில் தகரப் பொம்மைத் தொழிற்சாலை ஒன்றை நிறுவினார். அவருக்குப் பின் அவர் உறவினர் யோஹான்னஸ் ரிக்டர் அதனை நடத்தினார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அந்நகர் சோவியத் ஆட்சிப் பகுதியில் சேரவே, தொழிற்சாலை பறிபோயிற்று. ரிக்டர் குடும்பத்தார் 1950களின் தொடக்கத்தில் நூரம்பெர்க்கில் மீண்டும் தொழில் தொடங்கினர். 1968ஆம் ஆண்டில் வுல்ஃப்காங், எபர்ஹார்டு என்னும் ரிக்டர் சகோதரர்கள் 'லேமன் பேரிரயில்' என்று பொருள்படும் பெயரோடு எல்.ஜி.பி. இரயிலை வெளியிட்டனர். மழையிலும் வெயிலிலும் தோட்டத்திலேயே ஓடக்கூடியது அது. உடல் வெயில் தாங்கும் பிளாஸ்டிக்; தண்டவாளம் பித்தளை; அகலம் 45 மில்லிமீட்டர். அதாவது மார்க்ளின் வகுத்த பழைய முதலாம் எண்ணேதான், உட்புறமாக அளந்தது.

அளவு விகிதம் ஒன்றுக்கு இருபத்திரண்டரை. 45ஐ 22.5ஆல் பெருக்கினால் 1012.5 மில்லிமீட்டர் வரும்; ஏறக்குறைய ஒரு மீட்டர். 1885ஆம் ஆண்டில் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு ஓடிய மலாயாவின் முதல் இரயில் பாதையின் அகலமும் அந்த ஒரு மீட்டரே என்பது இங்கு நினைக்கத்தக்கது. ஆனால் மற்ற நிறுவனங்கள் அதே 45 மில்லிமீட்டர் தண்டவாளத்தின்மேல் வேறு வேறு விகிதங்களை ஏற்றின. 1435 மில்லிமீட்டர் அகலமுள்ள பொதுப் பாதையைக் காட்ட 32 வேண்டும். மூன்றடிப் பாதைக்கு 20.3 வேண்டும், சில அமெரிக்க நிறுவனங்கள் தோற்றம் பெரிதாக இருக்கவேண்டி 29 என்று வைத்துக்கொண்டன. எனவே ஒரு நிறுவனத்தின் சக்கரம் மற்றதன் தண்டவாளத்தில் ஓடும். ஆனால் அதன் புகைபோக்கியோ, படிக்கட்டோ, இணைப்புக் கொக்கியோ மற்றதற்குப் பொருந்தாது. உதிரிப்பாகம் தேடுவோர் பலர் ஏமாறுவது இவ்விடத்தில்தான். தண்டவாளம் ஒன்றாயிருப்பதைக் கண்டு, எல்லாம் ஒன்று என்று எண்ணிவிடுகின்றனர்.

லேமன் நிறுவனம் 2006ஆம் ஆண்டில் கடன் தீர்க்க இயலாமல் நொடித்தது. 2007ல் மார்க்ளின் அதனை வாங்கியது. அந்த மார்க்ளினும் 2009ல் நொடித்தது, பின் தேறியது, 2013ல் சிம்பா டிக்கி என்னும் பொம்மை நிறுவனத்தின் கைக்குப் போயிற்று. இங்ஙனம் கை மாறிய ஒவ்வொரு வேளையிலும், இரயில் வைத்திருப்போர் கேட்ட கேள்வி ஒன்றே: பெயரை வாங்கியவர்கள் வார்ப்பச்சுகளையும் வாங்கினார்களா? பெயர் பெட்டியின்மேல் ஒட்டுவதற்குப் பயன்படும். பல்சக்கரம் வார்க்க அச்சு வேண்டும். அச்சு இருந்தாலும், எந்த அச்சு எந்தப் பாகத்திற்குரியது என்று காட்டும் வரைபடமும் எண்ணும் வேண்டும். எண்களோ நிலையாக நின்றவை அல்ல. 300 மில்லிமீட்டர் நேர்த் தண்டவாளத்திற்கு முதலில் 1000 என்று எண்; பின்னாளில் அதுவே 10000 ஆயிற்று. பழைய எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு தேடுவோருக்கு, இருக்கும் பொருளும் இல்லாததாகவே தோன்றும்.

ஆயினும் எல்.ஜி.பி. இரயிலுக்கு ஒரு நற்பேறு வாய்த்தது. அதனை வகுத்தவர்கள் மோட்டார்ப் பெட்டியின் அமைப்பைப் பல எஞ்சின்களுக்குப் பொதுவாக வைத்தனர். மின்சாரத்தை ஏற்கும் கரித்துண்டு, சக்கரத்தில் மாட்டும் ரப்பர் வளையம், தண்டவாளத்தில் உராய்ந்து செல்லும் தொடுகட்டை ஆகியன தேயும் என்று அறிந்தே, மாற்றத்தக்கவையாகச் செய்தனர். அவற்றைத் தேடி எவரும் பெரிதும் அலைய வேண்டியதில்லை. 1968ஆம் ஆண்டில் வந்த முதல் எஞ்சின் ஆஸ்திரியாவின் ஷ்டைன்ட்ஸ் சிற்றிரயிலைப் பார்த்துச் செய்தது. அதன் விற்பனை பெரிது. அரை நூற்றாண்டு கடந்தும் அதன் வடிவம் மீண்டும் மீண்டும் வெளிவந்தது. ஆகவே அதன் பாகமும் கிடைக்கிறது. அதைவிடப் பன்மடங்கு விலை கொடுத்து வாங்கிய, ஓரிரு ஆண்டே வெளிவந்த அரிய எஞ்சினுக்குத்தான் பாகம் கிடைப்பதில்லை. அரியதை வாங்கியவர் தாம் பெருமைப்பட்ட அதே காரணத்தால் பின்னர் வருந்துகிறார்.

எங்கும் கிடைக்காத பாகத்தைப் புதிதாகச் செய்துகொள்வது இறுதி வழி. 1970களில் அமெரிக்காவில் ஜெரி வில்லியம்ஸ் என்பவர் லயனலின் பழைய பெரிய இரயில்களைப் பார்த்து மறுபடியும் செய்யத் தொடங்கினார். சக்கரங்களை மட்டும் புதிதாக வார்த்து விற்கும் சிறு பட்டறைகளும் அங்கே உள்ளன. அண்மைக் காலத்தில், கணினி வரைபடத்திலிருந்து அடுக்கடுக்காகப் பொருளை உருவாக்கும் முப்பரிமாண அச்சு இயந்திரம் வந்திருக்கிறது. அதனால் பிளாஸ்டிக் பாகத்தை நேராகவே செய்யலாம். பித்தளைப் பாகமாயின், முதலில் மெழுகுருவை அச்சிட்டு, அதனைச் சுற்றிக் குழம்பு பூசி இறுக்கி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அவ்விடத்தில் பித்தளையை ஊற்றலாம். சுவாமிமலையில் செப்புத் திருமேனிகளை வார்ப்பதும் இம்முறையாலேயே. அங்கே மெழுகைக் கையால் வடிக்கின்றனர், இங்கே இயந்திரம் வடிக்கிறது.

இதில் அனுபவமில்லாதார் செய்யும் பிழை ஒன்று உண்டு. பழைய பாகத்தையே மாதிரியாக வைத்து அச்செடுத்தால், புதிய பாகம் சிறுத்துப்போகும். உருகிய பித்தளை ஆறும்போது ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு சுருங்குவதே காரணம். ஆகவே மாதிரியை அவ்வளவு பெரிதாகச் செய்ய வேண்டும். நொறுங்கிய துத்தநாகச் சக்கரமோ அதற்கும் உதவாது. அது வீங்கியிருப்பதால், அதனை அளந்து செய்த சக்கரம் பெருத்துவிடும். ஆதலின் கெட்டுப்போன சக்கரத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, கெடாமல் நிற்கும் எஃகு இருசின் பருமனையும், சட்டத்தில் அதற்கு விட்டிருக்கும் இடைவெளியையும், தண்டவாளத்திலிருந்து இருசு நிற்க வேண்டிய உயரத்தையும் அளந்து, அவற்றிலிருந்து சக்கரத்தின் அளவைக் கணக்கிட்டு வருவிக்கின்றனர்.