கால் அங்குலக் குண்டும் கழற்றி மாட்டும் துப்பாக்கியும்

ஒரு துப்பாக்கியில் எந்தப் பாகம் துப்பாக்கி? குண்டு பாயும் குழலா, தோளில் பதியும் மரக்கட்டையா, விரல் இழுக்கும் விசையா? கேள்வி விளையாட்டாகத் தோன்றலாம். ஆனால் அமெரிக்கச் சட்டம் 1968ஆம் ஆண்டில் இதற்கு ஒரு விடை சொல்லியது. அந்த விடையின் நிழலில் ஒரு பெரும் கைத்தொழில் வளர்ந்தது. சாதாரண வருமானமுள்ள ஒருவர் மலிவான துப்பாக்கி ஒன்றை வாங்கி, கடைகளில் விற்கும் பாகங்களைக் கொண்டு தனது விருப்பப்படி மாற்றியமைப்பது அந்நாட்டில் இன்று பரவலான ஒரு பொழுதுபோக்கு. அதன் வரலாற்றை அறிய வேண்டுமாயின் ஒரு சிறிய தோட்டாவிலிருந்து தொடங்க வேண்டும்.

1845ஆம் ஆண்டளவில் பாரிஸ் நகரின் துப்பாக்கி வினைஞர் லூயி நிக்கொலா ஃபுளோபேர், அக்காலத் துப்பாக்கிகளில் மருந்தைப் பற்றவைக்கப் பயன்பட்ட செப்பு வெடிமூடியின் வாயில் சிறு ஈயக்குண்டைப் பொருத்தினார். செல்வந்தர் தமது வரவேற்பறைகளில் குறிபார்த்துச் சுட்டு விளையாடுவதற்கென உருவான பொருள் அது. 1857இல் அமெரிக்காவின் சிமித் அண்ட் வெசன் கம்பனி அதே கருத்தைக் கைத்துப்பாக்கிக்குரிய 0.22 அங்குலத் தோட்டாவாக வளர்த்தெடுத்தது. 1887இல் மசச்சூசெற்ஸ் மாநிலத்தின் ஸ்டீவன்ஸ் கம்பனி அறிமுகப்படுத்திய "லோங் ரைஃபிள்" என்னும் வகையே இன்றுவரை உலகெங்கும் நிலைத்திருக்கிறது.

இத்தோட்டாவை "ரிம்ஃபயர்" என்பர். வெடிக்கச் செய்யும் மருந்து தோட்டாவின் அடிவிளிம்புக்குள் பூசப்பட்டிருக்கும். சுத்தியல் அந்த விளிம்பை நசுக்கும்போது தீ பிறக்கும். நசுங்க வேண்டுமாயின் உலோகம் மெல்லியதாக இருக்க வேண்டும். மெல்லிய உலோகம் பெரும் அழுத்தத்தைத் தாங்காது. ஆகவே, 1860களின் உள்நாட்டுப் போரில் ஹென்றி, ஸ்பென்சர் துப்பாக்கிகளுடன் களம் கண்ட பெரிய ரிம்ஃபயர் தோட்டாக்கள், மையத்தில் தட்டி வெடிக்கும் வலிய தோட்டாக்களுக்கு வழிவிட்டு மறைந்தன. சிறியது மட்டும் தப்பிப் பிழைத்தது. விலை குறைவு, ஓசை குறைவு, தோளில் உதைப்பு இல்லை என்பதால் அமெரிக்க நாட்டுப்புறத்தில் தந்தை மகனுக்கு வாங்கிக் கொடுக்கும் முதல் துப்பாக்கி இதுவாயிற்று.

1949இல் வில்லியம் ருகரும் அலெக்சாண்டர் ஸ்டேர்மும் கனெக்டிக்கட் மாநிலத்தின் சவுத்போர்ட்டில் ஒரு கம்பனியைத் தொடங்கினர். ஸ்டேர்ம் இட்ட முதல் 50,000 டொலர். முதல் உற்பத்தி 37.50 டொலர் விலையுள்ள 0.22 கைத்துப்பாக்கி. இரண்டே ஆண்டுகளில் ஸ்டேர்ம் இளவயதில் மரணமானார். ஆயினும் கம்பனி நிலைத்தது. 1964இல் அது "10/22" என்ற பெயருடன் ஒரு சிறு ரைஃபிளை வெளியிட்டது. பத்துத் தோட்டாக்கள், 0.22 அளவு என்பதே பெயரின் பொருள். அறிமுக விலை 54.50 டொலர்.

மலிவாகச் செய்யவேண்டும் என்ற நிர்ப்பந்தமே அதன் அமைப்பைத் தீர்மானித்தது. உடற்கூடு எஃகினால் அன்றி அலுமினியக் கலவையால் வார்க்கப்பட்டது. குழல், வழமைபோல் திருகுமரை இட்டு முறுக்கி இறுக்கப்படாமல், ஒரு கட்டையினாலும் இரண்டு திருகாணிகளினாலும் பிணைக்கப்பட்டது. விசைத்தொகுதி முழுவதும் இரண்டு ஊசிகளில் தங்கியது. தோட்டாக்கள் சுழலும் பெட்டி ஒன்றுக்குள் அடங்கின. தொழிற்சாலையின் செலவைக் குறைக்க எடுத்த இம்முடிவுகள் எவரும் எதிர்பாராத ஒரு விளைவைத் தந்தன. குழல் மாற்றுவது அதுவரை தேர்ந்த வினைஞரின் பட்டறையில் நடக்கும் வேலை. இப்போது அது வீட்டுச் சமையலறை மேசையில் நடக்கும் வேலையாயிற்று.

இதற்கு ஏற்ற மண் அங்கே முன்பே பண்பட்டிருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் மவுசர், ஸ்பிரிங்ஃபீல்ட் போன்ற இராணுவ ரைஃபிள்கள் மிக மலிவாக விற்கப்பட்டன. அவற்றை வாங்கிக் கட்டையைச் செதுக்கி, பார்வைக்கருவி பூட்டி வேட்டைத் துப்பாக்கியாக்குவது 1950களில் பெருவழக்காக இருந்தது. 1939இல் அயோவா மாநிலத்தின் மொண்டெசூமா என்ற சிற்றூரில் தொடங்கிய பிரவுனெல்ஸ் போன்ற தபால்வழி விற்பனையாளர்கள் அதற்கான கருவிகளை நாடெங்கும் அனுப்பினர். போர்க்காலத் துப்பாக்கிகளின் இருப்புக் குறைந்தபோது அந்தக் கைப்பழக்கம் 10/22ஐத் தேடி வந்தது.

அயோவாவின் வொல்குவாட்சன், ரெக்சாசின் கிட், நியூ ஹாம்ஷயரின் கிரீன் மவுண்டன் எனப் பல சிறு நிறுவனங்கள் குழல், விசை, கட்டை என்று தனித்தனிப் பாகங்களைச் செய்து விற்றன. மூலக் காப்புரிமைகளும் காலாவதியான பின்னர், ருகர் கம்பனியின் ஒரு பாகமேனும் இல்லாத "10/22" ஒன்றை முழுமையாகவே அமைக்கலாம் என்ற நிலை வந்தது. சிக்கனமாகச் செய்ய விரும்புவோர் பின்பற்றும் ஒழுங்கு ஒன்றுண்டு. முதலில் சில டொலருக்குக் கிடைக்கும் சிறு பாகங்கள். அடுத்து, தொழிற்சாலையிலிருந்து கனத்து வரும் விசையை இலகுவாக்குதல். கடைசியில் விலை கூடிய குழல். ஆனால் சிக்கனம் என்று தொடங்கியவர் துப்பாக்கியின் விலையைப் போல இருமடங்கு பாகங்களுக்குச் செலவிட்டு நிற்பது அவ்வட்டாரத்தில் நெடுநாளைய நகைச்சுவை.

நகைச்சுவைக்கு அப்பால் ஒரு கனமான விடயம் இருக்கிறது. 1963இல் ஜனாதிபதி கென்னடியைக் கொன்ற ரைஃபிள், சஞ்சிகை விளம்பரம் பார்த்துத் தபாலில் வாங்கப்பட்டது. தொலைநோக்கியுடன் அதன் விலை 19.95 டொலர். 1968 ஜூன் மாதம் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் அவரது தம்பி ரொபர்ட் கென்னடியைக் கொன்றதோ 0.22 ரிம்ஃபயர் கைத்துப்பாக்கி. பையன்களின் தோட்டா என்று எண்ணப்பட்டது ஒரு நாட்டின் அரசியலைத் திசைமாற்றியது. அவ்வாண்டு ஒக்டோபர் 22ஆம் திகதி ஜனாதிபதி ஜோன்சன் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் ஒப்பமிட்டார். தபால் விற்பனை பொதுமக்களுக்கு மூடப்பட்டது. அதுவரை இலக்கமின்றி விற்கப்பட்டுவந்த மலிவான 0.22 ரைஃபிள்களுக்கும் தொடரிலக்கம் கட்டாயமாயிற்று.

தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு அச்சட்டம் தந்த விடை இதுதான்: உடற்கூடே துப்பாக்கி. தொடரிலக்கமும் வாங்குபவரின் பதிவும் அதற்கே உரியவை. குழலையும் விசையையும் கட்டையையும் எவரும் தபாலில் பெறலாம். உதிரிப்பாகச் சந்தை இவ்வளவு பெருகியதற்குச் சட்டரீதியான அடிப்படை இதுவே.

ருகரின் வாழ்க்கையிலும் இம்முரண் தெரிகிறது. துப்பாக்கி விற்றுச் செல்வரான அவர், 1989இல் அமெரிக்கக் காங்கிரசுக்கு எழுதிய கடிதத்தில், தோட்டாப் பெட்டிகளின் கொள்ளளவை 15க்கு மட்டுப்படுத்தலாம் என யோசனை கூறினார். துப்பாக்கி ஆர்வலர் பலர் அதை மன்னிக்கவே இல்லை. 1994இன் கூட்டாட்சிச் சட்டம் எல்லையை 10 ஆக்கியது. 2004இல் அச்சட்டம் காலாவதியானது. ருகர் 2002இல் மறைந்தார். 2011இல் அவரது கம்பனியே 10/22இற்கு 25 தோட்டாப் பெட்டியைச் சந்தைப்படுத்தியது. அயலார் உற்பத்தி செய்து இலாபமீட்டிய பொருளைத் தானே செய்வதென்று அது முடிவெடுத்திருந்தது.

பிற நாடுகளும் இச்சிறு தோட்டாவின் முன் தடுமாறின. 1987 ஹங்கர்ஃபோர்ட் படுகொலைக்குப் பின்னர் பிரித்தானியா தானியங்கி மீள்நிரப்பு ரைஃபிள்களை 1988இல் தடைசெய்தது, ஆனால் 0.22 ரிம்ஃபயருக்கு விலக்களித்தது. கிறைஸ்ட்சேர்ச் படுகொலைக்குப் பின்னர் நியூசிலாந்தும் 2019இல் அவ்வாறே, 10 தோட்டாக்கள் என்ற எல்லையுடன், விலக்களித்தது. அவுஸ்திரேலியா மட்டும் 1996 போர்ட் ஆர்தர் துயரத்தின் பின்னர் இவ்வகை 0.22 ரைஃபிளையும் கடும் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. கனடாவிலோ பிரச்சினை ஒரு பாகத்தினால் எழுந்தது. 10/22இன் 25 தோட்டாப் பெட்டி அதே கம்பனியின் கைத்துப்பாக்கி ஒன்றுக்கும் பொருந்தியமையால், அது தடைசெய்யப்பட்டதென 2016இல் மத்திய பொலிஸார் அறிவித்தனர்.

சிறியது ஆகையால் தீங்கற்றது என்ற எண்ணத்தின் விலையைக் காட்டும் இடம் மேற்குக் கரை. கல்லெறியும் இளைஞருக்கு எதிராக இஸ்ரேலியப் படையினர் 0.22 குண்டுகளைப் பயன்படுத்தினர். உயிரிழப்புகளின் பின்னர் 2001இல் அப்பாவனை நிறுத்தப்பட்டது. பிற்காலத்தில் மீண்டும் வந்தது. மீண்டும் வந்தபின் நேர்ந்த மரணங்களை பெற்செலம் என்னும் இஸ்ரேலிய மனித உரிமை அமைப்பு பதிவு செய்திருக்கிறது. கூட்டத்தைக் கலைக்கும் கருவி என்று பெயரிட்டதனால் குண்டு தன் இயல்பை மாற்றிக்கொள்ளவில்லை.

இறுதியாக, 1968இன் விடையே இன்று ஆட்டங்காண்கிறது. உடற்கூடுதான் துப்பாக்கி என்றால், துளைகள் முழுமையாக இடப்படாத உடற்கூடு என்ன? இலக்கமின்றி விற்கப்பட்ட அத்தகைய தொகுதிகளையும் துப்பாக்கியாகக் கருதும் விதியை அமெரிக்க அரசு 2022இல் கொண்டுவந்தது. 2025 மார்ச்சில் அமெரிக்க உயர் நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் அவ்விதி செல்லும் எனத் தீர்த்தது.

சனிக்கிழமை மாலையில் இரண்டு திருகாணிகளைக் கழற்றிப் புதுக்குழல் பூட்டி, தகரக் குவளையைக் குறிபார்க்கும் மனிதரில் பெரும்பாலானோர் எவருக்கும் தீங்கு நினைப்பவர் அல்லர். அவர்களுடைய கைத்திறன் மெய்யானது. சட்டம் செய்வோரின் சிக்கலும் மெய்யானது. பாகங்களைத் தனித்தனியே பார்த்தால் ஒன்றும் ஆயுதம் இல்லை. கூட்டிப் பூட்டினால் ஆயுதம். எந்தத் திருகாணியில் அது ஆயுதமாகிறது என்பதை அறுபது ஆண்டுகளாகியும் எந்த நாடும் ஐயமறச் சொல்லி முடிக்கவில்லை.