ஹவுஸ்ஃபுல் ஆனாலும் கையில் காசு இல்லை... சுயாதீன பாடகர்களின் டூர் கணக்கு என்ன?

பிரிட்டனைச் சேர்ந்த ராப் பாடகி லிட்டில் சிம்ஸ், 2022 ஏப்ரலில் தன் அமெரிக்க டூரை ரத்து செய்தார். பிரிட் விருது வாங்கி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. சுயாதீன கலைஞர் என்பதால் எல்லாச் செலவும் தன் தலையில்தான், ஒரு மாதம் சுற்றினால் பெரிய நஷ்டம்தான் மிஞ்சும் என்று அவர் காரணம் சொன்னார். அதே ஆண்டு அக்டோபரில் மெர்குரி பரிசும் அவருக்குக் கிடைத்தது.

விருது வாங்கியவருக்கே இந்த நிலை என்றால், சின்ன கிளப்களில் பாடுபவர்கள் எப்படி சமாளிக்கிறார்கள்?

சுயாதீன பாடகர் என்றால் யார்?

பெரிய இசை நிறுவனத்தின் ஒப்பந்தம் இல்லாமல், தானே எழுதி, தானே பாடி, தானே வெளியிடுபவர். பாட்டின் உரிமை அவரிடமே இருக்கும். ஆனால் டூருக்கு முன்பணம் தர ஆள் கிடையாது. வேன், ஹோட்டல், வாத்தியக்காரர் சம்பளம் எல்லாம் சொந்தக் காசு.

டிக்கெட் பணம் எங்கே போகிறது?

பிரிட்டனில் 200 பேர் கொள்ளும் ஒரு கிளப்பை உதாரணமாக வைத்துக்கொள்வோம். டிக்கெட் 15 பவுண்ட். எல்லாம் விற்றால் 3,000 பவுண்ட்.

- 20% வாட் வரி போனால்: 2,500
- அரங்கம், சவுண்ட், விளம்பரம் என 1,200 போனால்: 1,300
- அதில் பாடகரின் பங்கு 80%: 1,040
- ஏஜென்ட்டுக்கு 10%, மேனேஜருக்கு 20% போனால்: 728

மூன்று வாத்தியக்காரர்களுக்கு தலா 150 பவுண்ட், வேனும் டீசலும் 130, ஹோட்டல் 160 என்று வைத்தால் மொத்தம் 740. அதாவது 12 பவுண்ட் கைநஷ்டம். சாப்பாட்டுச் செலவு இதில் வரவே இல்லை. நிகழ்ச்சி இல்லாத நாளிலும் வேன் வாடகையும் ஹோட்டல் பில்லும் நிற்காது.

அப்போ எதில்தான் வருமானம்?

டி-ஷர்ட், எல்பி ரெக்கார்டு விற்கும் மேசையில்தான். 25 பவுண்ட் டி-ஷர்ட்டில் தயாரிப்புக்கு 8, அரங்கின் கமிஷன் 20% என்றால் 5 போக, 12 பவுண்ட் நிற்கும். பத்து விற்றால் அன்றைய நஷ்டம் லாபமாக மாறிவிடும். பாடி முடித்த களைப்போடு பாடகர் அந்த மேசைக்கு வந்து நிற்பது ஏன் என்று இப்போ புரியுதா? இந்தக் கமிஷனுக்கு எதிர்ப்பு வலுத்ததால், 2023 செப்டம்பரில் லைவ் நேஷன் நிறுவனம் அமெரிக்காவில் தன் கிளப்கள் பலவற்றில் அதை நிறுத்துவதாக அறிவித்தது.

எல்லை தாண்டினால்?

செலவு இன்னும் ஏறும். பிரெக்ஸிட்டுக்குப் பிறகு, 2021 முதல் பிரிட்டன் கலைஞர்கள் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஷெங்கன் பகுதியில் 180 நாட்களில் 90 நாட்கள்தான் தங்க முடியும். வேலை அனுமதி விதி நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் கலைஞர்களுக்கான 'ஓ' விசா மனுக் கட்டணம் 2024 ஏப்ரலில் 460 டாலரிலிருந்து 1,055 டாலரானது. சிறு நிறுவனங்கள் மனு செய்தால் கட்டணம் குறைவு.

இவ்வளவு கஷ்டத்துக்கு ஏன் போகணும்?

வீட்டில் இருந்தாலும் ஸ்ட்ரீமிங் காசு கைகொடுக்காது. 12 மாதத்தில் 1,000 முறைகூட கேட்கப்படாத பாட்டுக்கு 2024 முதல் ஸ்பாட்டிஃபை பணம் தருவதில்லை. நேரில் கேட்டுப் பிடித்துப்போனவர்தான் அடுத்த முறை நண்பர்களையும் கூட்டி வருவார். ஆனால் அப்படி வளர்வதற்கான இடங்களும் குறைகின்றன. 2023-ல் மட்டும் பிரிட்டனில் 125 சிறு இசை அரங்குகள் மூடப்பட்டதாக மியூசிக் வென்யூ டிரஸ்ட் கூறியது.

ரசிகர் என்ன செய்யலாம்?

டிக்கெட்டை முன்கூட்டியே வாங்குங்கள். முன்பதிவு மந்தமாக இருந்தால் நிகழ்ச்சியே ரத்தாகலாம். வெளியே வரும்போது அந்த மேசையில் ஏதாவது ஒன்று வாங்குங்கள். பாடகர் அடுத்த ஊருக்குப் போக டீசல் போடுவது பெரும்பாலும் அந்தக் காசில்தான்.